3.58198 × 10⁻³²¹: ஒரு ஸ்டாக் கால்குலேட்டர் ஏன் செத்து விழுந்தது

நிரல் சின்னது. சி மொழியில் சுமார் 400 வரி. எண் வந்தால் ஸ்டாக்கில், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கில், வைக்கும். கூட்டல், பெருக்கல் போல ஒரு குறி வந்தால் மேலிருந்து இரண்டு எண்ணை எடுத்து, கணக்குப் போட்டு, விடையைத் திரும்ப ஸ்டாக்கில் வைக்கும். '3 4 +' என்று அடித்தால் 7. ஆர்பிஎன் என்று சொல்லும் பின்னொட்டு முறை. யூனிக்ஸில் டிசி என்ற கருவி சி மொழி பிறப்பதற்கு முன்பிருந்தே செய்துவரும் வேலைதான் இது.

என்னிடம் வந்தபோது புகார் ஒரே வரி: வெளியேறும்போது சில சமயம் க்ராஷ் ஆகிறது. திரையில் 'டபுள் ஃப்ரீ ஆர் கரப்ஷன்' என்று வரும், அதன் வாலில் 'அவுட்' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்கு முன்னால் பார்த்தவர் செய்தியை அப்படியே நம்பி, எங்கே இரண்டு முறை ஃப்ரீ (வாங்கிய நினைவகத்தைத் திருப்பிக் கொடுப்பது) நடக்கிறது என்று தேடியிருக்கிறார். ஸ்டாக்கை விடுவிக்கும் ஃப்ரீ மொத்த நிரலிலும் ஒரே இடத்தில்தான் இருந்தது. அந்த வரியைக் கமென்ட் ஆக்கி இயங்காமல் செய்துவிட்டார். க்ராஷ் நின்றது. பக்கத்தில் ஒரு குறிப்பு: நிரல் முடிந்ததும் இயங்குதளமே நினைவகத்தை எடுத்துக்கொள்ளும்.

குறிப்பு உண்மைதான். ஆனால் அந்த ஃப்ரீ வரி குற்றவாளி இல்லை, சாட்சி. சாட்சியின் வாயை அடைத்ததும் நடந்தது என்னவென்றால், கொஞ்ச நாளில் வேறு இடத்தில், ஸ்டாக் பெரிதாகும் நேரத்தில், 'ரீஅலாக்: இன்வேலிட் ஓல்ட் சைஸ்' என்று புதுச் செய்தி வர ஆரம்பித்தது. நான் முதல் வேலையாக அந்த ஃப்ரீ வரியைத் திரும்ப உயிர்ப்பித்தேன். க்ராஷ் ஆகும் நிரலில்தான் பிழையைத் தேட முடியும்.

அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் எண்கள் எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன. ஸ்டாக் என்பது டபுள் வகை எண்களின், அதாவது 8 பைட்டில் அடங்கும் தசம எண்களின், வரிசை. தொடக்கத்தில் 16 இடம், ஆக 128 பைட், மாலாக் ஃபங்ஷன் மூலம் ஹீப்பில், அதாவது நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகப் பகுதியில், வாங்கியது. எத்தனை எண் உள்ளே இருக்கிறது என்பதை சைஸ்_டி என்ற குறியில்லா முழு எண் வகை மாறி ஒன்று எண்ணும். அந்த எண்ணிக்கை கொள்ளளவுக்குச் சமமானால் ரீஅலாக் செய்து, அதாவது பெரிய இடம் கேட்டு, இரட்டிப்பாக்கும். உள்ளீட்டு வரியில் வரும் ஒவ்வொரு டோக்கனுக்கும் (ஓர் எண் அல்லது ஒரு குறி) ஹீப்பில் ஒரு பட்டியல் கணு, அதோடு டோக்கனின் எழுத்துகளுக்கு ஒரு நகல். வரி முடிந்ததும் எல்லாவற்றையும் விடுவிக்கும். கணினி 64 பிட் லினக்ஸ், ஜிலிப்சி என்ற சி நூலகத்தின் மாலாக்.

திரையில் வந்த விசித்திர எண்

சரியான உள்ளீடுகளை எல்லோரும் ஏற்கெனவே ஓட்டிப் பார்த்திருப்பார்கள். அதனால் நான் தப்பான உள்ளீட்டிலிருந்து ஆரம்பித்தேன். '5 +' என்று அடித்தேன். கூட்டலுக்கு இரண்டு எண் வேண்டும், இருப்பது ஒன்றுதான். பிழைச் செய்தி வரவேண்டும். 5 என்று விடை வந்தது. வெளியேறியபோது புகாரில் சொன்ன அதே செய்தியோடு க்ராஷ்.

புதிதாகத் திறந்து '5 *' அடித்தேன். விடை 3.58198 × 10⁻³²¹.

இந்த மாதிரி எண்ணைப் பார்த்தால் குப்பை என்று தள்ளிவிடத் தோன்றும். தள்ளக் கூடாது. டபுளில் குறிக்க முடிகிற மிகச் சிறிய நேர் எண் கிட்டத்தட்ட 4.94066 × 10⁻³²⁴. 1 என்ற 64 பிட் முழு எண்ணை எடுத்து, அதே பிட்டுகளை டபுளாக வாசித்தால் கிடைப்பது இதுதான். 2 என்ற முழு எண்ணின் பிட்டுகளை வாசித்தால் இதைப்போல இரண்டு மடங்கு. ஆக 10⁻³²⁰ பக்கம் ஒரு எண் வந்தால், யாரோ ஒரு சின்ன முழு எண்ணை டபுள் என்று நினைத்து வாசித்திருக்கிறார்கள் என்று பொருள். 10⁻³¹⁰ பக்கம் வந்தால் பெரும்பாலும் அது ஒரு பாயின்டர், அதாவது நினைவக முகவரி. வந்த விடையை அந்த மிகச் சிறிய எண்ணால் வகுத்துப் பார்த்தேன். 725. நான் கொடுத்தது 5. 725-ஐ 5-ஆல் வகுத்தால் 145.

145 என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஜிலிப்சியின் மாலாக், நாம் கேட்கும் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் 8 பைட்டில் அந்தத் துண்டின் அளவை எழுதி வைக்கும். நாம் கேட்டது 128, குறிப்புக்கு 8, மொத்தம் 136. அதை 16-இன் மடங்காக உயர்த்தினால் 144. அளவு எப்போதும் 16-இன் மடங்கு என்பதால் அதன் கடைசிப் பிட்டுகள் சும்மா கிடக்கும். மாலாக் அவற்றைக் கொடிகளாகப் பயன்படுத்துகிறது, 'முந்தைய துண்டு பயன்பாட்டில் இருக்கிறது' என்பதற்கான கொடியின் மதிப்பு 1. 144 கூட்டல் 1, 145. நிரல் பெருக்கியது 5-ஐயும் மாலாக்கின் சொந்தக் கணக்குப் புத்தகத்திலிருந்த ஒரு பதிவையும்.

எப்படி அங்கே போனது? பாப், அதாவது ஸ்டாக்கிலிருந்து எண்ணை எடுக்கும் ஃபங்ஷன், எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து, அந்த இடத்திலுள்ள எண்ணைத் திருப்பித் தருகிறது. காலியா என்று பார்ப்பதில்லை. எண்ணிக்கை 0 ஆக இருக்கும்போது ஒன்றைக் குறைத்தால், குறியில்லா வகை என்பதால் அது 18446744073709551615 ஆகிவிடும். அதை 8-ஆல் பெருக்கி ஸ்டாக்கின் தொடக்க முகவரியோடு கூட்டும்போது 64 பிட்டுக்குள் சுற்றி வந்து, தொடக்கத்துக்கு 8 பைட் முன்னால் இறங்குகிறது. சி தரநிலைப்படி இங்கே எது வேண்டுமானாலும் நடக்கலாம். நடைமுறையில், எல்லா இடத்தையும் விட்டுவிட்டு மிகச் சரியாக அளவுக் குறிப்பின் தலையிலேயே இறங்குகிறது.

இனி '5 +' கதையைப் படிப்படியாகப் பார்க்கலாம். முதல் பாப் 5-ஐத் தருகிறது, எண்ணிக்கை 0. இரண்டாவது பாப் 145-இன் பிட்டுகளை டபுளாகத் தருகிறது, அதாவது 7.16395 × 10⁻³²². டபுளுக்கு ஏறத்தாழ 16 இலக்கத் துல்லியம்தான் உண்டு, எனவே 5-உடன் இதைக் கூட்டினால் அப்பட்டமாக 5. விடை சரியானதுபோலவே தெரிகிறது. பிறகு புஷ், விடையைத் திரும்ப ஸ்டாக்கில் வைக்கும் வேலை. எண்ணிக்கை இப்போது அந்த இருபது இலக்க எண். அது கொள்ளளவான 16-க்குச் சமமில்லை, ஆகவே வளர்க்கத் தேவையில்லை என்று முடிவு செய்து, 5-ஐ அதே இடத்தில், அளவுக் குறிப்பின் மேலேயே எழுதுகிறது. எண்ணிக்கை ஒன்று கூடி மறுபடி 0. வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே நடக்காத மாதிரி.

5.0 என்ற டபுளின் பிட்டுகளை முழு எண்ணாக வாசித்தால் 4617315517961601024. நிரல் முடியும்போது ஃப்ரீ அழைக்கப்படுகிறது. மாலாக் தன் குறிப்பைப் பார்க்கிறது, இந்தத் துண்டின் நீளம் 4617315517961601024 பைட் என்று இருக்கிறது. துண்டின் முடிவைக் கணக்கிட்டால் அது ஹீப்பின் எல்லைக்கு வெகு வெளியே. அந்த 'அவுட்' அதைத்தான் சொல்கிறது. செய்தியின் முன்பாதியில் உள்ள 'டபுள் ஃப்ரீ' ஓர் ஊகம் மட்டுமே, வால் பகுதிதான் உண்மையில் எந்தச் சோதனை தோற்றது என்பதைச் சொல்கிறது. வாலைப் படித்திருந்தால் ஃப்ரீ வரியைத் தேடி ஒருவர் இவ்வளவு நேரம் செலவழித்திருக்க வேண்டாம்.

'5 *' போட்டால் க்ராஷின் முகமே மாறுகிறது. அங்கே அளவுக் குறிப்பில் போய் உட்காருவது 725. அதில் மதிப்பு 4 உள்ள கொடி ஏறியிருக்கிறது. 'இந்தத் துண்டு முதன்மை ஹீப்பைச் சேர்ந்ததல்ல, வேறோர் அரீனாவுடையது' என்பது அதன் பொருள். ஃப்ரீ அந்த அரீனாவைத் தேடி இல்லாத முகவரிக்குப் போய் செக்மென்டேஷன் ஃபால்டில் விழுகிறது. ஷெல்லில் பார்த்தால் கூட்டலுக்கு வெளியேறு எண் 134 (அபார்ட்), பெருக்கலுக்கு 139 (செக்ஃபால்ட்). புகார்களில் சிலர் 'அபார்ட்' என்றும் சிலர் 'செக்ஃபால்ட்' என்றும் எழுதியிருந்தார்கள். இரண்டு பிழை இருப்பதாக நினைத்துத்தான் எல்லோரும் குழம்பியிருக்கிறார்கள்.

ஊகம் சரிதானா என்று கண்ணால் பார்க்க விரும்பினேன். பிழைதேடும் கருவியான ஜிடிபி வழக்கமாக முகவரிகளைக் கலைத்துப் போடும் வசதியை அணைத்துவிட்டே நிரலை ஓட்டும், அதனால் ஸ்டாக்கின் முகவரி ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருக்கும். அதற்கு 8 பைட் முன்னால் ஒரு வாட்ச்பாயின்ட், அதாவது மதிப்பு மாறினால் நிரலை நிறுத்தும் காவல், வைத்தேன். எக்ஸ்86 செயலிகளில் இதற்கென்றே நான்கு டீபக் முகவரி ரெஜிஸ்டர்கள் உண்டு, நிரலின் வேகம் குறையாது. '5 *' அடித்ததும் ஜிடிபி புஷ் ஃபங்ஷனுக்குள் நின்றது. பழைய மதிப்பு 145, புதிய மதிப்பு 725. காயம் பட்ட இடம் அதுதான். இரத்தம் தெரிந்த இடம், நிரலின் கடைசி வரி.

திருத்தத்தை எங்கே வைப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பாப்புக்குள் காலியா என்று பார்த்தால் க்ராஷ் நிற்கும். ஆனால் '5 +' போட்டவரின் 5 முதல் பாப்பிலேயே போயிருக்கும், இரண்டாவது பாப்பில்தான் பிழை தெரியும். பயனரின் எண்ணைத் தின்றுவிட்டுப் பிழை சொல்வது நியாயமில்லை. எனவே ஒவ்வொரு செயலும் தொடங்குமுன், தனக்குத் தேவையான எண்கள் இருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஸ்டாக்கைத் தொடாமல் திரும்ப வேண்டும். பாப்புக்குள்ளும் ஓர் அசெர்ட் வைத்தேன், எதிர்காலத்தில் புதுச் செயல் எழுதுபவர் கேட்க மறந்தால் அந்த இடத்திலேயே நிற்கட்டும் என்று. ஹெச்பி-12சி போன்ற நான்கு அடுக்கு ஆர்பிஎன் கருவிகளில் இந்தச் சிக்கலே எழாது. அங்கே ஸ்டாக் காலியாவதே இல்லை, கீழே இறங்க இறங்க மேல் அடுக்கின் எண் தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்ளும். நாம் வளரும் ஸ்டாக்கைத் தேர்ந்தெடுத்தால் வெறுமைக்கும் நாமே பொறுப்பு.

24, 40, 56

ஒரு பிழை தீர்ந்ததும் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்கும் ஆசையை அடக்க வேண்டியிருந்தது. புகார்களில் ஒன்று இன்னும் பொருந்தவில்லை. மிக நீளமான எண்களைக் கொடுத்த ஒருவருக்கு 'ஃப்ரீ: இன்வேலிட் பாயின்டர்' வந்திருந்தது, அதுவும் ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது.

1 இலக்கத்திலிருந்து 100 இலக்கம் வரை ஒவ்வொரு நீளத்துக்கும் ஓர் எண்ணை எடுத்து, அதோடு '1 +' சேர்த்து ஒரு வரியாக்கி, அதே வரியைப் பத்து முறை கொடுக்கும் சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். விழுந்த நீளங்கள்: 24, 40, 56, 72, 88. மற்ற எதுவும் விழவில்லை. 25 இலக்கம் சரி, 39 இலக்கம் சரி, 40 விழுகிறது.

16 பைட் இடைவெளியைப் பார்த்ததும் மறுபடி மாலாக்கின் ஞாபகம் வந்துவிடும். டோக்கனை நகலெடுக்கும் இடத்தைத் திறந்தேன். ஸ்டர்லென் தரும் நீளத்துக்கு மாலாக், பிறகு எழுத்துகளை நகலெடுக்க ஸ்டர்காப்பி. சரத்தின் முடிவைக் குறிக்கும் பூஜ்ஜிய பைட்டுக்கு இடம் ஒதுக்கவில்லை. சி எழுதும் அனைவருக்கும் தெரிந்த, அனைவரும் ஒருமுறையாவது செய்த தவறு. இதில் சுவாரசியம் தவறு அல்ல, அது ஒளிந்திருந்த விதம்.

24 பைட் கேட்டால் மாலாக் தருவது சரியாக 24. 25 கேட்டால் உருட்டி 40 தரும். ஆக 25-லிருந்து 39 வரையிலான டோக்கன்களுக்குக் கூடுதல் பைட் விழுவதற்குச் சும்மா கிடக்கும் இடம் இருக்கிறது. 40-இல் இல்லை. 24-க்குக் குறைவான எதற்கும் குறைந்தபட்சத் துண்டே 24 பைட் தருவதால் ஆபத்தில்லை. இடமில்லாத நீளங்களில் அந்த ஒரு பூஜ்ஜியம், அடுத்த துண்டின் அளவுக் குறிப்பில் முதல் பைட்டை அழிக்கிறது. பக்கத்துத் துண்டு 32 பைட் கணு என்றால் அதன் குறிப்பு 33, அது பூஜ்ஜியமாகிவிடும். அந்தக் கணுவை விடுவிக்கப் போகும்போது, பூஜ்ஜிய நீளத் துண்டு என்று ஒன்று இருக்க முடியாது என்பதால் மாலாக் நிரலை நிறுத்துகிறது.

முதல் வரியிலேயே ஏன் விழவில்லை? அப்போது டோக்கனுக்கு அடுத்து இருப்பது ஹீப்பின் மீதமுள்ள பெரிய வெற்றிடம். அதன் அளவில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அடுத்த மாலாக் அந்த இடத்திலிருந்து வெட்டி எடுக்கும்போது புதுக் குறிப்பை எழுதிக் காயத்தை மூடிவிடும். விடுவித்த துண்டுகளை மறுவரியில் திரும்பப் பயன்படுத்தும்போதுதான் டோக்கனுக்குப் பக்கத்தில் உயிருள்ள கணு வந்து உட்காருகிறது. 24 இலக்க எண்ணுக்கு மூன்றாவது வரியில் விழுந்தது. விடுவித்ததும் கடைசியாக வந்ததை முதலில் எடுத்துக் கொடுக்கும் வரிசைப்படி, இரண்டாவது வரியில் அந்த டோக்கன் தற்செயலாக வெற்றிடத்தை ஒட்டிய கடைசித் துண்டில் விழுந்து தப்பித்தது. துண்டுகளைக் காகிதத்தில் வரைந்து ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்துத்தான் இதைப் புரிந்துகொண்டேன். அந்த அரைமணி நேரம் வீண் இல்லை. ஏன் விழவில்லை என்பதை விளக்க முடியாதவரை, ஏன் விழுகிறது என்ற விளக்கத்தை நான் நம்புவதில்லை.

திருத்தம் ஒன்றைக் கூட்டுவதுதான். கூட்டினேன், ஸ்கிரிப்ட் 100 நீளங்களையும் தாண்டியது. பிறகு அந்தப் பகுதியையே எடுத்துவிட்டேன். டோக்கனை நகலெடுக்கவே தேவையில்லை. வரி ஏற்கெனவே ஒரு பஃபரில் இருக்கிறது, ஸ்டர்டுடி எண்ணை வாசித்துவிட்டு எங்கே நிறுத்தியது என்பதையும் சொல்கிறது, அங்கிருந்து தொடரலாம். பட்டியல், கணு, நகல், விடுவிக்கும் லூப் எல்லாம் சேர்ந்து 60 வரிக்கு மேல் போனது. பிழைக்கான திருத்தமாக நிரல் வரிகளையே நீக்கும் வாய்ப்பு அடிக்கடி அமைவதில்லை, அமைந்தால் விடக்கூடாது.

யாரும் புகார் செய்யாத பிழை

மிச்சத்துக்கு, நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரை இறக்கினேன். ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு கம்பைலர்களிலும் கம்பைல் செய்யும்போது ஒரே ஒரு கொடியைச் சேர்த்தால் போதும். ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் தொடக்கூடாத ஓரப்பகுதி ஒன்றை வைக்கும், ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் நிழல் நினைவகம் வைத்து எந்தப் பைட்டைத் தொடலாம் என்று கணக்கு வைத்துக்கொள்ளும். திருத்துவதற்கு முந்தைய பதிப்பையும் ஓட்டிப் பார்த்தேன். '5 *' கொடுத்ததும், 128 பைட் பகுதிக்கு 8 பைட் முன்னால் வாசிக்கப்படுகிறது என்று பாப்பின் வரி எண்ணோடு சொல்லிவிட்டது. வால்கிரைண்ட் என்ற கருவியும் இதைச் சொல்லும், பல மடங்கு மெதுவாக, ஆனால் மறுபடி கம்பைல் செய்யாமலே.

திருத்திய பதிப்பில் அது காட்டியது எதிர்பாராத ஒன்று. 'நகல்' என்று ஒரு செயல் இருந்தது, மேலிருக்கும் எண்களில் கேட்ட அளவை அப்படியே ஒருமுறை கூட ஸ்டாக்கில் வைக்கும். அது முதல் எண்ணின் முகவரியை ஒரு பாயின்டரில் எடுத்து வைத்துக்கொண்டு, லூப்பில் ஒவ்வொன்றாக புஷ் செய்கிறது. நடுவில் ஸ்டாக் நிரம்பினால் புஷ் ரீஅலாக் செய்யும், வரிசை வேறிடத்துக்குக் குடிபெயரும், பாயின்டர் மட்டும் பழைய வீட்டையே காட்டிக்கொண்டிருக்கும். விடுவித்த நினைவகத்தை வாசிக்கும் பிழை.

இதற்கு ஏன் ஒரு புகாரும் இல்லை என்று பார்த்தேன். விடுவித்த துண்டின் முதல் 16 பைட்டில் மாலாக் தன் சொந்தக் குறிப்புகளை எழுதிக்கொள்ளும். 16 பைட் என்றால் முதல் இரண்டு எண்கள். எத்தனை எண் வேண்டும் என்பதும் ஸ்டாக் வழியாகவே வருவதால், அதை வைக்க ஓர் இடம் வேண்டும். ஆகவே லூப் தொடங்கும்போது எப்போதும் குறைந்தது ஓர் இடம் காலியாக இருக்கும், குடிபெயர்வு இரண்டாவது புஷ்ஷுக்கு முன்னால் நடக்கவே முடியாது. அதற்குள் முதல் இரண்டு எண்களும் வாசித்தாகிவிட்டன. மீதி எண்கள் பழைய இடத்தில் அழியாமல் கிடக்கும். சிறிய ஸ்டாக்குகளில் விடை ஒவ்வொரு முறையும் சரி. புஷ்ஷுக்குள் யாராவது ஒரு லாக் வரியைச் சேர்த்து அது நினைவகம் கேட்டால் அன்றே கெடும். ஸ்டாக் 16,384 எண்ணைத் தாண்டினால் இன்னும் மோசம். 128 கிலோபைட்டிலிருந்து மாலாக் இயங்குதளத்திடம் தனி மேப்பிங்காகக் கேட்டு வாங்கும், ரீஅலாக் அதை நகர்த்தினால் பழைய முகவரி என்ற ஒன்றே இருக்காது.

சானிடைசர் இதைப் பிடித்ததற்குக் காரணம், அதன் ரீஅலாக் எப்போதும் புது இடத்தில் ஒதுக்கிப் பழையதை விடுவிக்கும். அதிர்ஷ்டத்துக்கு இடமே கொடுக்காது. வாசித்த இடம், விடுவித்த இடம், ஒதுக்கிய இடம் என்று மூன்று அழைப்பு வரிசைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டியது. நகல் செயலில், லூப்புக்கு முன்பே தேவையான கொள்ளளவை உறுதிசெய்து, அதன் பிறகு முகவரியை எடுக்கும்படி மாற்றினேன். ரீஅலாக் தோற்றால் பழைய பாயின்டர் தொலையாதபடி தற்காலிக மாறியில் வாங்குவதையும் அப்போதே சரிசெய்தேன்.

சரிபார்ப்புக்கு மூன்று ஸ்கிரிப்டுகளை நிரலோடு சேர்த்து வைத்திருக்கிறேன், மூன்றும் சானிடைசர் பதிப்பில் ஓடும். ஒன்று 1 முதல் 100 இலக்கம் வரை. ஒன்று 0 முதல் 40 ஆழம் வரை ஒவ்வொரு ஆழத்திலும் எல்லாச் செயல்களும், ஸ்டாக் இரட்டிப்பாகும் 16, 32 எல்லைகள் அதற்குள் வந்துவிடும். மூன்றாவது நகல் செயலுக்கு மட்டும். முன்பு கமென்ட் ஆகியிருந்த ஃப்ரீ வரி தன் இடத்தில் இருக்கிறது, பக்கத்திலிருந்த குறிப்பை அழித்துவிட்டேன். இப்போது '5 *' அடித்தால் 'ஸ்டாக்கில் போதிய எண் இல்லை' என்று வருகிறது, அடுத்த வரியில் '2 *' அடித்தால் 10.